மஞ்சள் கோடு போட்ட போல்ட்டுகள்

போச்சம்பள்ளி
4.5.2025

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மா நன்றாக இருக்கிறாள். வேன்தான் நன்றாக இல்லை.

என்ன வேன் என்று கேட்பாய். அதற்கு முன்னால், போன் செய்யாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், மாமா நடுவில் வாங்கி "விடுங்கடா, விடுங்கடா" என்பார். மார்ச்சில் உன் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து பேசியபோதெல்லாம் இதுதான் நடந்தது. காகிதத்தில் கத்த முடியாது. நீ அழுதாலும் எனக்குக் கேட்காது. இங்கிருந்து உங்கள் கம்பெனிக்குப் பார்ட்ஸ் லாரி ஓட்டும் நாராயணப்பன் அண்ணனிடம் இதைக் கொடுக்கிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது அக்கா. இங்கே சிப்காட்டில், டிராயிங் செக்‌ஷனில். ஓசூரில் பார்த்த அதே வேலை. உட்கார்ந்தே பார்க்கிற வேலை. பைக்கிலிருந்து விழுந்து இரண்டு வருஷமாக உட்காருவதை மட்டுமே செய்துகொண்டிருப்பவன் நான், இதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் கிடைப்பானா? ஜூன் 23 திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களாம்.

கம்பெனி பஸ்ஸில் வீல்சேர் ஏறாது. அதனால் ஒரு பழைய வேன் வாங்கினேன். பக்கத்துத் தோட்டத்து மாதேஷ் அதே கம்பெனி, அதே ஷிப்ட். அவன் ஓட்டுவான். கிருஷ்ணகிரியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பின்பக்கத் தரையை அறுத்து, ஒரு சாண் கீழே இறக்கி, பின்கதவில் சரிவுப் பலகை வைத்துக் கொடுத்தார்கள். வீல்சேரோடு அப்படியே உள்ளே போய்விடலாம். போனேன். ராஜா மாதிரி இருந்தது, முதல் ஸ்பீடு பிரேக்கர் வரைக்கும். அங்கே பக்கக் கதவு தானாகத் திறந்து, அம்மா வைத்திருந்த மாங்காய்ப் பை ரோட்டில் உருண்டது. தரையை அறுத்தபோது அடியில் இருந்த குறுக்குச் சட்டங்களையும் சேர்த்து அறுத்துவிட்டார்கள். இப்போது பாடி முழுக்க முறுக்கிக்கொள்கிறது.

இரண்டு பக்கமும் அடியில் நீளமாகத் தாங்கு சட்டம் வைத்தால் சரியாகிவிடும். டிராயிங் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உன் வீட்டுப் பக்கத்தில், மூக்கண்டப்பள்ளி எஸ்டேட்டில், நல்ல ஃபேப்ரிகேஷன் ஷெட் இருக்கிறதே, அங்கே செய்து தரச் சொல். போல்ட்டுப் போட்டும் மாட்டலாம், வெல்டும் வைக்கலாம். எனக்கு வெல்டு வேண்டும்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

பாலாஜி

*

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
9.5.2025

டேய் பாலாஜி,

நாராயணப்பன் அண்ணன் உன் கடிதத்தைக் கேன்டீன் வாசலில் எல்லார் முன்னாலும் நீட்டினார். "உங்களுக்கு லெட்டர் வந்துக்கீதும்மா" என்று சத்தமாக வேறு சொன்னார். எங்கள் லைனில் இருக்கிற பெண்கள் சாயந்திரம் வரைக்கும் என்னை விடவில்லை. தம்பி எழுதியது என்றால் எவள் நம்புகிறாள்?

வேலை கிடைத்தது என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். கையில் சாம்பார் வாளி இருந்தது. மிச்சத்தை நீயே நினைத்துக்கொள். உன் மாமா கேட்டுவிட்டு, எனக்குத் தெரியாமல் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். ஆனால் வேன் வாங்கியதை, அறுத்ததை, அம்மாவை அதில் ஏற்றியதை எல்லாம் முடித்துவிட்டுச் சொல்கிறாயே, அதற்கு உன்னை என்ன செய்வது?

டிராயிங் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த எரிச்சலே எனக்குப் போதும். ஆனால் வெல்டு வேண்டாம்டா. போல்ட்டுப் போடலாம். நான் ஒரு நாளில் எத்தனை கார் சட்டம் செக் பண்ணுகிறவள், என் பேச்சைக் கேள். உன் வேன் பழைய தகடு. சூடு காட்டினால் ஓட்டை விழும், விழாவிட்டால் கோணிக்கொள்ளும். போல்ட்டு என்றால் முறுக்கு சரியாக இருக்கிறதா என்று எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். வெல்டுக்குள் என்ன இருக்கிறது என்று யார் கண்டது? நாளைக்கு எங்காவது இடித்துச் சட்டம் வளைந்தால் போல்ட்டைக் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேள்வி கேட்டால் கழற்றிக் காட்டவும் செய்யலாம். அப்புறம் வேனை விற்க வேண்டி வந்தாலும் பழையபடி ஆக்கிக் கொடுத்துவிடலாம்.

அதை வேனுக்குள் எப்படி நிறுத்துகிறாய்? உருளாதா? பெல்ட்டு இருக்கிறதா? எழுது.

அம்மாவுக்கு மூட்டு வலித் தைலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உனக்கு ஒன்றும் அனுப்பவில்லை.

வினோதா

*

போச்சம்பள்ளி
14.5.2025

அக்காவுக்கு,

தைலம் வந்தது. "உனக்கு ஒன்றும் அனுப்பவில்லை" என்று எழுதிவிட்டு நீ கொடுத்தனுப்பிய பைக்குள் நிப்பட் பொட்டலமும் இருந்தது. நாராயணப்பன் அண்ணன் பாதியைத் தின்றுவிட்டுத்தான் கொடுத்தார்.

வரிசையாகப் பதில் சொல்கிறேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் மனு கொடுத்தாயிற்று. மாற்றுத்திறனாளி வண்டி என்று மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது, வெல்டு வைத்தாலும் கேட்கமாட்டார்கள். துரு இல்லாத இடமாகப் பார்த்துத்தான் சட்டத்தை வரைந்திருக்கிறேன். சூடு ஒரே இடத்தில் ஏறாமல் விட்டுவிட்டு வைத்தால் கோணாது, அது உனக்கே தெரியும். இந்த மாதிரி மெல்லிய தகட்டில் போல்ட்டுப் போட்டால் ஆட ஆட ஓட்டை பெரிதாகும், அதுவும் உனக்குத் தெரியும். இதே காரணங்களை உன் லைனில் ஒரு பையன் சொல்லியிருந்தால் அவனை வறுத்து எடுத்திருப்பாய்.

வேனை விற்பதைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் எதற்கு விற்கப்போகிறேன்?

நானே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் நான் எழுந்து நடப்பேன். அன்றைக்கு நீ ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் போய் எல்லாவற்றையும் கழற்றிப் போடுவாய். தரையைப் பழையபடி தூக்கி வைப்பாய், பின் சீட்டைப் போடுவாய். எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். அதற்குத்தான் போல்ட்டு. இல்லை என்று சொல், பார்ப்போம்.

உன் கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன். "வீல்சேர்" என்று ஒரு இடத்தில்கூட இல்லை. "அது" என்று எழுதியிருக்கிறாய். உன் வீட்டில் இருந்த இரண்டு வருஷமும் அது "அது"தான். தினமும் காலையில் காப்பியோடு வந்து, "இன்னிக்கி ஏதாவது தெரியுதாடா? வெரல ஆட்டிப் பாரு" என்பாய். மார்ச்சில் நான் கத்தியது அதற்குத்தான். "நீ என்னப் பாக்கறதே இல்லக்கா, என் காலத்தான் பாக்கற" என்றேன். அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னது பொய் இல்லை.

பெங்களூரில் டாக்டர் சொன்னபோது நீயும்தானே பக்கத்தில் இருந்தாய்? எனக்கு அது பழகிவிட்டது அக்கா. உனக்கு இன்னும் பழகவில்லை. எனக்கு வேலைக்குப் போக வேண்டும். கதவு திறக்காத ஒரு வண்டி வேண்டும். அவ்வளவுதான்.

வேனைச் சனிக்கிழமை மாதேஷ் கொண்டுவந்து விடுகிறான். வெல்டு வைத்து அனுப்பு.

பாலாஜி

*

மூக்கண்டப்பள்ளி
18.5.2025

பாலாஜி,

ஆமாம். அதற்குத்தான் போல்ட்டு. இப்போது என்ன?

டாக்டர் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "சான்ஸ் ரொம்பக் கம்மி" என்றார். "இல்லை" என்று சொல்லவில்லை. நீ ரொம்பக் கம்மி என்பதைக் கேட்டாய், நான் சான்ஸ் என்பதைக் கேட்டேன். அதற்காக என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவாயா? உன்னைக் காலையில் எழுப்பி, தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, ஷிப்டுக்கு ஓடியவள் நான். விரலை ஆட்டு என்று கேட்கக்கூட எனக்கு உரிமை இல்லையா?

உன் பழைய நாற்காலியைப் பீரோவுக்குப் பின்னால் மடித்து வைத்து, மேலே புடவை போட்டு மூடி வைத்திருக்கிறேன். நீ மாதேஷோடு கிளம்பின அன்றைக்கே மூடினேன். பெயரைச் சொன்னால் அது இங்கேயே தங்கிவிடும் என்று எனக்கு ஒரு பயம். பைத்தியக்காரத்தனம்தான். உன் மாமாவும் அப்படித்தான் சொல்கிறார்.

வேன் நேற்று வந்தது. ஷெட்டில் ஆஞ்சப்பன் என்று ஒருவர், அத்திப்பள்ளிக்காரர், நன்றாகச் செய்வார். அவரிடம் போல்ட்டு என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கோபித்துக்கொள், பரவாயில்லை. வேலை சுத்தமாக இருக்கும். வேனை நாலு ஸ்டாண்டில் ஏற்றி, லெவல் பார்த்து, உன் டிராயிங்கில் உள்ளபடி ஒரு மயிரிழை தப்பாமல் நானே பக்கத்தில் நின்று பொருத்த வைக்கிறேன். ஒவ்வொரு நட்டுக்கும் அடியில் தடித்த பட்டை வைக்கிறோம். முறுக்கி முடித்ததும் எங்கள் லைனில் செய்கிற மாதிரி நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயிண்ட்டில் ஒரு கோடு போட்டுவிடுவேன். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. உடைந்திருந்தால் அசைந்துவிட்டது என்று தெரிந்துகொள்.

நிப்பட் உனக்கு இல்லை, அம்மாவுக்கு.

வினோதா

*

போச்சம்பள்ளி
2.6.2025

அக்காவுக்கு,

வேனைப் பார்த்ததும் கோபம் வரத்தான் செய்தது. மாதேஷின் போனை வேனுக்கு அடியில் விட்டு வீடியோ எடுத்துப் பார்த்தேன். வரிசையாக மஞ்சள் கோடு. உன் கோலத்தில்கூட அப்படி ஒரு ஒழுங்கை நான் பார்த்தது இல்லை. கோபம் போய்விட்டது.

அப்புறம் நடந்ததைக் கேள். நான் ஏறினேன். மாதேஷ் பக்கக் கதவை இழுத்தான். வரவில்லை. தள்ளினான், உதைத்தான். அம்மாவும் வந்து ஒரு கை கொடுத்தாள். கதவு பாதியில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. நான் இறங்கினால் சாத்திக்கொள்கிறது. ஏறினால் சிக்குகிறது. "என்னடா வேன் இது, உன்னப் பாத்தா மட்டும் மொறைக்குது" என்றாள் அம்மா.

ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தேன். தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையதும் இல்லை. சரி, இருவருடையதும்தான். கம்ப்யூட்டரில் நான் வரைந்த வேனுக்குக் கனமே கிடையாது. நீயும் வேனை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, சக்கரத்தில் பாரம் இல்லாமல், உள்ளே ஆள் இல்லாமல் முறுக்கிவிட்டாய். நம் இரண்டு பேர் கம்பெனியிலும் அப்படித்தானே செய்கிறோம்? அங்கே அது புதுச் சட்டம். இங்கே அறுத்த வேன். தரையில் இறங்கி, நான் ஏறி உட்கார்ந்ததும் அது தன் கனத்துக்குத் தொய்கிறது. நாம் முறுக்கி வைத்த சட்டம் தொய்யவிடாமல் வேறு பக்கம் தள்ளுகிறது. டிராயிங் படித்தவனும் டிராயிங் செக் பண்ணுகிறவளும் சேர்ந்தால்தான் இவ்வளவு சுத்தமாகத் தப்புப் பண்ண முடியும்.

மறுநாள் நான் வேனுக்குள் உட்கார்ந்துகொண்டேன். மாதேஷ் அடியில் போய் எல்லா நட்டையும் தளர்த்தினான். நான் லேசாக ஆடினேன். சட்டம் தானாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. அப்படியே என்னை உள்ளே வைத்தே மறுபடி முறுக்கினோம். கதவு ஒரே தள்ளலில் சாத்திக்கொண்டது.

இதை எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். நான் கேட்டபடி வெல்டு வைத்திருந்தால் அந்தத் தப்போடு சேர்த்து ஒட்டியிருப்போம். போல்ட்டு என்பதால் தப்பித்தோம். நீ ஜெயித்தாய். சந்தோஷமா?

தினமும் கம்பெனி கேட் வரைக்கும் போய்விட்டு வந்து பழகுகிறோம். வேன் நன்றாக ஓடுகிறது. இன்னொரு கூத்து. கம்பெனியில் எல்லாரும் சேஃப்டி ஷூ போட வேண்டுமாம். "நிக்கவே நிக்காதவனுக்குமா சார்?" என்றேன். "ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்" என்றார் எச்.ஆர். என் பழைய ஷூவை நீ தூக்கிப் போட்டிருப்பாய். புதிதுதான் வாங்க வேண்டும்.

பாலாஜி

*

மூக்கண்டப்பள்ளி
8.6.2025

பாலாஜி,

உன் ஷூ என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என் ஷூவுக்குப் பாலிஷ் போடும்போது அதற்கும் போட்டு வைப்பேன். எதற்கு என்று கேட்காதே. லேஸ் மட்டும் புதிதாக மாற்றியிருக்கிறேன்.

நீ எழுதிய ஸ்டாண்டு சமாச்சாரத்தைப் படித்துவிட்டு லைனில் நின்றுகொண்டே தலையில் அடித்துக்கொண்டேன். ஆள் உட்காருவதற்காகச் செய்கிற வண்டி. அந்த ஆளை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அளந்திருக்கிறேன். நீ மார்ச்சில் கத்தினாயே, அது அப்போது உறைக்கவில்லை. இப்போது உறைத்தது.

ஆனால் "வேன் நன்றாக ஓடுகிறது" என்று எழுதினாய் பார், அது பச்சைப் பொய். நாராயணப்பன் அண்ணனிடம் மாதேஷ் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறான். மத்தூர் ரோட்டில் மாங்காய் லாரிகள் போட்ட பள்ளத்தில் போய் வந்து, மறுபடி போட்ட மஞ்சள் கோடுகளும் பாதிக்கு மேல் உடைந்துவிட்டதாம். பின்பக்கம் தகட்டில் ஓட்டை நீண்டு, நட்டு ஆடுகிறதாம். தினமும் அவன் அடியில் போய் முறுக்குகிறான், நீ அதை எனக்குச் சொல்லவே கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய். நாராயணப்பன் அண்ணனிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கவில்லையாம். புத்திசாலிப் பையன்.

கதவு திறந்து நீ ரோட்டில் விழ வேண்டுமா? வேலைக்குச் சேரும் முன்னாலேயே? ஏன்டா மறைத்தாய்?

வேனை அடுத்த ஞாயிற்றுக்கிழமை அனுப்பு. சட்டம் இப்போது சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்திலேயே வைத்து வெல்டு வைத்துவிடலாம். ஆமாம், வெல்டுதான். நான்தான் சொல்கிறேன். என்னைத் திரும்பக் கேட்காதே.

வினோதா

*

போச்சம்பள்ளி
11.6.2025

அக்காவுக்கு,

மாதேஷோடு இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. அவன்தான் என்னைச் சரிவுப் பலகையில் தள்ளி வண்டியில் ஏற்றுகிறான் என்பதால் மூன்றாம் நாள் பேசிவிட்டேன்.

வெல்டு வேண்டாம் அக்கா. போல்ட்டே இருக்கட்டும். தடித்த பட்டையை இன்னும் கொஞ்சம் பெரிதாக வெட்டிப் போட்டால் தாங்கும். வாரத்துக்கு ஒரு தரம் மாதேஷ் முறுக்கிவிடுவான். முறுக்குவதில் அவனுக்கும் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது, டீக்கடையில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ஏன் மறைத்தேன் என்று கேட்டாயே. அந்த வீடியோவில் உன் மஞ்சள் கோடுகளைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நீ வேனுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, ஒவ்வொரு நட்டாகக் கோடு போட்டிருக்கிறாய். என்றைக்கோ ஒரு நாள் கழற்றுவதற்காக அவ்வளவு அழகாக மாட்டியிருக்கிறாய். அது உடைந்துவிட்டது என்று உனக்கு எழுத எனக்கு மனசு வரவில்லை. என்னிடம் இல்லாத நம்பிக்கை உன்னிடமாவது இருந்துவிட்டுப் போகட்டுமே. அதைப் பிடுங்கி எனக்கு என்ன ஆகப்போகிறது? முன்னால் எழுதிய கடிதத்தில் ரொம்பப் பெரிய மனுஷன் மாதிரி எழுதிவிட்டேன். உன் விரல் கேள்வி இல்லாமல் இங்கே காலைக் காப்பி ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

அதனால் போல்ட்டு. நான் சொல்வதைக் கேள்.

பாலாஜி

*

மூக்கண்டப்பள்ளி எஸ்டேட், ஆஞ்சப்பன் ஷெட்
15.6.2025, ஞாயிறு

என் தங்கமே,

கேட்கவில்லை. வேன் இங்கே இருக்கிறது, மாதேஷ் கொண்டுவந்துவிட்டான். அவனைத் திட்டாதே. இனிமேல் அவன் என் ஆள்.

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறதா? நான் வேனுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். அடியில் வெல்டு நடக்கிறது. எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று கேள். உன் வீல்சேரில்.

காலையில் வேனை, ஷெட்டில் அடியில் இறங்கி வேலை பார்க்கிற பள்ளத்துக்கு மேலே, நாலு சக்கரமும் தரையில் நிற்கிற மாதிரி நிறுத்தினோம். பேட்டரியைப் பிரித்து, பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைத்தாயிற்று. "உள்ள ஆளு பாரம் வேணும்க்கா, நீங்க சொன்னீங்கல்ல" என்றார் ஆஞ்சப்பன். மணல் மூட்டை போடலாமா என்று கேட்டார். எத்தனை கிலோ என்று எடை மெஷினைத் தேடினார்கள். நான் சொன்னேன், மெஷின் எதற்கு, அவன் கனம் எனக்குத் தெரியாதா, இரண்டு வருஷம் தூக்கியவள் நான் என்று. வீட்டுக்குப் போனேன். பீரோவுக்குப் பின்னால் கையை விட்டேன். புடவையை எடுத்தேன். உன் மாமா வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் ஏறி உட்கார்ந்தேன். நீ என்னைவிடக் கொஞ்சம் கனம், அதனால் மடியில் ஒரு அரை மூட்டை ராகி வைத்துக்கொண்டிருக்கிறேன். அதன் மேல் காகிதத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். சுற்றிலும் ஈரச் சாக்கு. மாதேஷ் தண்ணீர் வாளியோடு காவல் நிற்கிறான். கதவைச் சாத்திப் பார்த்தோம், சரியாக இருந்தது. போல்ட்டைத் தொடவே இல்லை. அது பிடித்துக்கொண்டிருக்க, அதைச் சுற்றி ஆஞ்சப்பன் விட்டுவிட்டு வைக்கிறார். ஒவ்வொரு முறை முடிந்ததும் "ஆய்த்துக்கா" என்று கீழே இருந்து குரல் கொடுக்கிறார்.

கால் மரத்துவிட்டது பாலாஜி. ஆனால் எழுந்துகொள்ளக் கூடாது, பாரம் மாறிவிடும். நீ எப்படித்தான் இருக்கிறாயோ என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. சாக்கு ஏற்கெனவே ஈரம்தான், யாருக்கும் தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். இங்கே உட்கார்ந்தால் ரோடே தெரியவில்லையே. ஜன்னல் கம்பம் சரியாகக் கண்ணுக்கு நேரே வருகிறது. ஒரு பக்கம் தகடு, இன்னொரு பக்கம் டிரைவர் சீட்டு, மாதேஷ் ஓட்டும்போது அவன் பின்மண்டை. இத்தனை நாள் இப்படித்தான் போய் வந்தாயா? கம்பெனி வரைக்கும் ஒன்றையும் பார்க்காமல்? ஏன் சொல்லவில்லை? நீ எங்கே சொல்வாய்! நானும் ஒரு நாள்கூட இதில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஆஞ்சப்பனிடம் சொல்லிவிட்டேன். வீல்சேரைத் தரையோடு பிடித்துக்கொள்கிற நாலு கொக்கியையும் ஒரு சாண் முன்னால் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே வைத்தால் முழு ஜன்னலும் உனக்குக் கிடைக்கும். கொக்கியையும் வெல்டு வைத்துவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

வண்டி வெல்டு, பாலாஜி. உன் வண்டி, உன் வேலை, அது எங்கேயும் போகாது. அந்த நாலு கொக்கி மட்டும் போல்ட்டு. மஞ்சள் கோடு போட்டிருக்கிறேன். அதற்கு மேல் என்னை விட்டுக்கொடுக்கச் சொல்லாதே.

ஷூ சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

அக்கா

*

போச்சம்பள்ளி
23.6.2025

அக்காவுக்கு,

சேர்ந்துவிட்டேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் வியாழக்கிழமையே அடியில் குனிந்து பார்த்துவிட்டு, யார் வெல்டு என்று கேட்டார்கள். எங்கள் அக்கா என்றேன். ஆஞ்சப்பன் என்று திருத்தவில்லை.

கதவை அம்மா ஒரு விரலால் சாத்தினாள். மூன்று தரம் திறந்து திறந்து சாத்தினாள். ஸ்பீடு பிரேக்கரில் மாதேஷ் வேண்டுமென்றே வேகமாக ஏற்றினான். ஒன்றும் அசையவில்லை.

ஜன்னலில் ரோடு தெரிந்தது அக்கா. மாந்தோப்பு, மாங்காய் லாரிக்குப் பின்னால் ஓடுகிற பசங்கள், கம்பெனி பஸ்ஸுக்கு டிபன் பையோடு நிற்கிற பெண்கள், எல்லாம் தெரிந்தது. தெரிந்த முகங்கள் கை காட்டின. முன்பு எல்லாரும் வேனைப் பார்த்துத்தான் கை காட்டியிருப்பார்கள், இன்றைக்கு என்னைப் பார்த்துக் காட்டினார்கள்.

ஷூ பளபளவென்று இருக்கிறது என்று எச்.ஆர். சொன்னார். தேயாத ஷூ அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். உன்னை நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

நாலு கொக்கியிலும் கோடு நேராக இருக்கிறது. ஆனால் நேராக இருக்கிறதா என்று நான் பார்த்தால் செல்லாது. செக் பண்ணுகிறவள் நேரில் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மா களியும் கோழிக் குழம்பும் வைக்கிறாளாம், மாமாவையும் கூட்டிக்கொண்டு வா. ராத்திரி இங்கேயே தங்கிவிட்டு, திங்கட்கிழமை காலையில் காப்பியோடு வந்து என்ன கேட்பாயோ கேள். விரலை ஆட்டிப் பார்க்கிறேன். ஆடாவிட்டால் காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

நாராயணப்பன் அண்ணனுக்கு இனிமேல் தபால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டேன். வருத்தப்பட்டார்.

இதைப் படித்ததும் போன் பண்ணு. அழுதால் அழு. நான் கத்தமாட்டேன்.

பாலாஜி